ஸ்டியரிங்கை நேராக்கியும் கார் ஏன் கோணலாகவே நிற்கிறது?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: பார்க்கிங் கட்டத்துக்குள் ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டியின் பின்பக்கம் ஒழுங்காகக் கோடுகளுக்கு நடுவே நுழைந்துவிடுகிறது. நுழைந்ததும் ஸ்டியரிங்கை நேராக்கிவிடுகிறீர்கள். ஆனாலும் கார் கோணலாகவே உள்ளே போய்க் கோணலாகவே நிற்கிறது. எந்த நேரத்தில் நேராக்க வேண்டும், எத்தனை சுற்று சுற்ற வேண்டும்? உங்கள் கேள்வியில் ‘நேராக்குவது’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. ஓரிடத்தில் அது சக்கரத்தை நேராக்குவது, இன்னோரிடத்தில் காரை நேராக்குவது. இரண்டும் வேறு வேறு நேரத்தில் நடக்கிற வேறு வேறு காரியங்கள். ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடந்துவிடும் என்று நினைப்பதுதான் உங்கள் சிக்கல்.

20 வருடங்களுக்கு மேலாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். புதிதாகப் பழகுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் வந்து முட்டிக்கொண்டு நிற்கிற இடம் இதுதான், அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் கார் எது என்று நீங்கள் சொல்லவில்லை. நீங்கள் ஓட்டுவதையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை. அதனால் கீழே சொல்கிற அளவுகள் சாதாரண சிறிய, நடுத்தர கார்களுக்குப் பொருந்துகிற தோராயக் கணக்குகள். காரணங்கள் மட்டும் எல்லாக் காருக்கும் ஒன்றுதான்.

முதலில் காரணம். ஸ்டியரிங் காரின் திசையை வைப்பதில்லை, திசை எவ்வளவு வேகமாக மாறவேண்டும் என்பதைத்தான் வைக்கிறது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்து வைத்திருக்கும்வரை கார் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். நேராக்கிய கணத்தில் திரும்புவது நின்றுவிடும், அவ்வளவுதான். அதுவரை திரும்பியது திரும்பியபடியே இருக்கும். கார் 60 டிகிரி திரும்பியிருக்கும்போது ஸ்டியரிங்கை நேராக்கினால், அந்த 60 டிகிரிக் கோணத்திலேயே நேர்கோட்டில் பின்னால் போகும். உங்களுக்கு நடப்பது இதுதான். பின்பக்கம் கட்டத்துக்குள் நுழைந்துவிட்டது என்பது இடத்தைப் பற்றிய சேதி. கார் கோடுகளுக்கு இணையாக வந்துவிட்டதா என்பது கோணத்தைப் பற்றிய சேதி. நீங்கள் முதல் சேதியைப் பார்த்து இரண்டாவதுக்கான வேலையைச் செய்துவிடுகிறீர்கள்.

ஆக, எப்போது நேராக்குவது என்பதற்கு விடை: கார் கோட்டுக்கு ஏறத்தாழ இணையாக வரும்போது. வால் உள்ளே நுழைந்தபோது அல்ல. ‘ஏறத்தாழ’ என்று போட்டதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு வண்டி எப்படித் திரும்புகிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிட வேண்டும்.

சாதாரணக் கார்களில் முன்சக்கரங்கள் மட்டும்தான் திரும்பும். பின்சக்கரங்கள் எப்போதும் காரின் உடலோடு ஒரே நேராகத்தான் இருக்கும், பக்கவாட்டில் நகரவே முடியாது. அதனால் கார் எந்தப் புள்ளியை மையமாக வைத்து வட்டமடிக்கிறதோ அந்தப் புள்ளி, பின் அச்சை இரண்டு பக்கமும் நீட்டினால் வரும் கோட்டின் மேல் எங்கேயோதான் இருந்தாக வேண்டும். முன்சக்கரம் இரண்டும் அதே புள்ளியைச் சுற்ற வேண்டுமென்றால் உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் அதிகம் திரும்ப வேண்டும். இந்த ஏற்பாடு காருக்கென்று வந்ததே இல்லை, குதிரை வண்டிக்கு வந்தது. கியோர்க் லாங்கன்ஸ்பெர்கர் என்ற ஜெர்மன் வண்டித் தொழிலாளி செய்ததற்கு 1818-இல் லண்டனில் ருடால்ஃப் அக்கர்மான் தன் பெயரில் காப்புரிமை வாங்கினார். ‘அக்கர்மான் ஸ்டியரிங்’ என்று பெயரும் அவருக்கே நின்றுவிட்டது. இன்றைய கார்கள் இதை அச்சு அசலாகப் பின்பற்றுவதில்லை என்றாலும், பார்க்கிங் வேகத்தில் கணக்கு இதுவேதான்.

இதில் உங்களுக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ரிவர்ஸில் வண்டி சுழல்வது பின் அச்சை ஒட்டித்தான், மூக்கு அதைச் சுற்றி வீசிக்கொண்டு வரும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே இரண்டரை மீட்டர் இருக்கிற ஒரு காரை முழுக்க ஒடித்தால், பின் அச்சின் நடுப்பகுதி சுமார் 4 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் போகும். அதாவது முழு ஒடிப்பில் ஒரு மீட்டர் பின்னால் போனால் கார் ஏறத்தாழ 15 டிகிரி திரும்பும். 90 டிகிரி திரும்ப 6 மீட்டர் வேண்டும். இந்த 15 டிகிரிக் கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே பேசப்போவதெல்லாம் இதிலிருந்துதான்.

நீங்கள் ஸ்டியரிங்கை நேராக்க எடுக்கும் நேரத்திலும் கார் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? முழு ஒடிப்பிலிருந்து நேருக்கு வர ஒன்றேகால் முதல் ஒன்றேமுக்கால் சுற்று வரை வேண்டும். கை பழகினவருக்கு அது இரண்டு நொடி. மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் இரண்டு நொடியில் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம் போயிருக்கும். ஸ்டியரிங் சீராகக் குறைந்துகொண்டே வருவதால் முழு 15 திரும்பாது, அதில் பாதி, சுமார் 8 டிகிரி திரும்பும். அதனால் 8 டிகிரி மீதமிருக்கும்போதே நேராக்கத் தொடங்கிவிட வேண்டும். இதே வேலையை நடக்கிற வேகத்தில், அதாவது மணிக்கு 5 கிலோமீட்டரில் செய்தால், அந்த இரண்டு நொடியில் கிட்டத்தட்ட 2.8 மீட்டர் போய்விடும், 20 டிகிரிக்கு மேல் கூடுதலாகத் திரும்பிவிடும். ஒரு நாள் அழகாக நிற்கிறது, மறுநாள் கோணலாக நிற்கிறது, நான் செய்தது ஒன்றேதான் என்று சிலர் சத்தியம் செய்வார்கள். கை செய்தது ஒன்றுதான், வேகம்தான் வேறு. மெதுவாகப் போங்கள் என்று எல்லோரும் சொல்வதற்குப் பயம் மட்டும் காரணமில்லை. வேகம் மாறினால் கணக்கே மாறிவிடும்.

8 டிகிரி என்பதைக் கண்ணால் எப்படிப் பிடிப்பது? பக்கக் கண்ணாடியில் பாருங்கள். காரின் பக்கவாட்டும் தரையிலுள்ள கோடும் சேர்ந்து ஒரு ஆப்பு மாதிரி தெரியும், ஒரு முனையில் அகலம், மறுமுனையில் குறுகல். முன் கதவிலிருந்து பின் பம்பர் வரை சுமார் 2 மீட்டர் என்று வைத்தால், 8 டிகிரியில் இரண்டு முனைக்கும் உள்ள இடைவெளி வித்தியாசம் ஒரு சாணுக்குச் சற்று மேல். ஆப்பு அந்த அளவுக்கு ஒடுங்கியதும் ஸ்டியரிங்கை நேராக்கத் தொடங்குங்கள். ஆப்பு முழுவதும் மறைந்து இணையான பிறகு தொடங்கினால், கார் அதைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஆப்பு போட்டுவிடும்.

இன்னொரு வழியும் உண்டு, பழகும் காலத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன். கார் கோட்டுக்கு இணையாக வந்ததும் பிரேக்கை அழுத்தி அப்படியே நிறுத்திவிடுங்கள். நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை நேராக்குங்கள். அப்புறம் பின்னால் விடுங்கள். நின்றபடி திருப்பினால் கார் துளியும் திரும்பாது, எனவே முன்கூட்டித் தொடங்கும் கணக்கே தேவையில்லை. டயர் தேயும், ஸ்டியரிங்குக்குக் கேடு என்று பலர் இதைத் திட்டுவார்கள். அவர்கள் சொல்வது முழுப் பொய்யில்லை. நின்ற இடத்தில் திருப்பும்போது டயர் தரையில் அரைபடத்தான் செய்யும், ஸ்டியரிங் மோட்டாரும் கூடுதலாக உழைக்கும். ஆனால் பழகுகிற சில மாதங்களுக்கு அதனால் வண்டி ஒன்றும் ஆகிவிடாது என்பது என் தீர்மானம். பக்கத்துக் கதவில் கோடு இழுப்பதைவிட டயர் கொஞ்சம் தேய்வது மேல். கை பழகியபின் ஓடும்போதே எடுக்கப் பழகிக்கொள்ளலாம்.

எத்தனை சுற்று என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கேதான் பெரிய குழி இருக்கிறது. ஒரு மாணவி, வண்டியை நிறுத்திவிட்டு, ‘நேராத்தான் சார் இருக்கு, லோகோ நிமிர்ந்து நிக்குது பாருங்க’ என்றார். ஸ்டியரிங்கின் நடுவிலுள்ள லோகோ நிமிர்ந்துதான் நின்றது. இறங்கி முன்சக்கரத்தைப் பார்க்கச் சொன்னேன். சக்கரம் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நின்றது. என்ன நடந்தது என்றால், அந்தக் காரில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மொத்தம் 3 சுற்று. நேரிலிருந்து முழு ஒடிப்புக்கு ஒன்றரைச் சுற்று. ஒன்றரைச் சுற்று திருப்பினால் லோகோ தலைகீழாக நிற்கும். அங்கிருந்து அரைச் சுற்று எடுத்தால் லோகோ நிமிர்ந்துவிடும், ஆனால் இன்னும் ஒரு முழுச் சுற்று பாக்கி. ஒடித்ததில் மூன்றில் ஒரு பங்கைத்தான் எடுத்திருக்கிறார், கண் மட்டும் நேராகிவிட்டது என்று சொல்கிறது. உங்களுக்கும் இதே கதையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

எனவே சுற்றை எண்ணுங்கள், லோகோவை நம்பாதீர்கள். உங்கள் காருக்கு எத்தனை என்று ஒரு முறை எண்ணி வைத்துக்கொண்டால் போதும். காலியான இடத்தில் வண்டி நேராக ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்துங்கள். அங்கிருந்து இடப்பக்கம் முழுக்க எத்தனை சுற்று, திரும்ப நேருக்கு வந்து வலப்பக்கம் முழுக்க எத்தனை சுற்று என்று பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ சமமாக இருக்கும். அப்புறம் பார்க்கிங்கில் ஒடித்தது எத்தனையோ அத்தனையை எடுத்தால் சக்கரம் நேர். சந்தேகம் வந்தால் ஓரடி முன்னாலோ பின்னாலோ விட்டுப் பாருங்கள். மூக்கு எந்தப் பக்கமும் சாயாமல் போனால் நேராகிவிட்டது. சில புதிய கார்களில் சக்கரத்தின் கோணத்தை டேஷ்போர்டிலேயே படம்போட்டுக் காட்டுகிறார்கள், இருந்தால் அதையும் பாருங்கள். நேர்சாலையில் போகும்போதே லோகோ ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது என்றால் அது உங்கள் தவறில்லை, வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டிய வண்டி.

இன்னொரு விஷயம், இதை வகுப்பில் பலர் சொல்லிக்கொடுப்பதே இல்லை. முன்னால் போகும்போது ஒரு திருப்பத்தில் ஒடித்துவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு ஓடி வரும். முன்சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சை அதற்கேற்றபடி சாய்த்து வைத்திருக்கிறார்கள். தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் போகும் திசைக்குப் பின்னால் இழுபடுவதுபோல, முன்னால் ஓடும்போது டயர் நேராக வரப் பார்க்கும். ரிவர்ஸில் அந்த இழுவை எதிர்ப்பக்கமாகிவிடுகிறது. தானாக வருவது குறைந்துபோகும், சில கார்களில் வரவே வராது, சிலவற்றில் இன்னும் கொஞ்சம் ஒடியக்கூடப் பார்க்கும். காருக்குக் கார் வேறுபடும். தினமும் முன்னால் ஓட்டிப் பழகிய கை, ரிவர்ஸிலும் ஸ்டியரிங் தானே வந்துவிடும் என்று காத்திருக்கிறது. வராது. கடைசிச் சுற்றுவரை நீங்கள்தான் கையால் எடுக்க வேண்டும்.

சரி, இத்தனையும் செய்தும் கோணலாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கோணம் தவறா, இடம் தவறா என்பது. கார் கோட்டுக்கு இணையாக இருக்கிறது, ஆனால் ஒரு பக்கமாக ஒட்டி நிற்கிறது என்றால் இடம் தவறு. நடுவில்தான் இருக்கிறது, ஆனால் சாய்ந்து நிற்கிறது என்றால் கோணம் தவறு. இரண்டுக்கும் மருந்து வேறு. பலர் இடத்தைச் சரிசெய்யக் கோணத்தைக் கெடுத்துக்கொள்வார்கள், பிறகு கோணத்தைச் சரிசெய்ய இடத்தைக் கெடுத்துக்கொள்வார்கள், அங்கேயே ஐந்து நிமிடம் அசைந்துகொண்டிருப்பார்கள்.

கோணம் தவறு என்றால் எப்படிக் கெட்டது என்று வால் சொல்லிவிடும். இடப்பக்கம் ஒடித்து உள்ளே வந்தீர்கள் என்று வையுங்கள். வால் வலப்பக்கக் கோட்டை நோக்கிப் போகிறது என்றால் கார் போதுமான அளவு திரும்பவில்லை, அதாவது சீக்கிரம் நேராக்கிவிட்டீர்கள். வால் இடப்பக்கக் கோட்டை நோக்கிப் போகிறது என்றால் அதிகம் திரும்பிவிட்டது, தாமதமாக நேராக்கியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதல் வகை என்றே நினைக்கிறேன். சரிசெய்வதற்கு ஒரே விதி: ரிவர்ஸில் வால் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் ஸ்டியரிங்கின் மேல்முனையைத் திருப்புங்கள். வால் வலக்கோட்டை முட்டப் போகிறதா, இடப்பக்கம் திருப்புங்கள். ஆப்பு ஒடுங்கியதும் திருப்பியதை எடுத்துவிடுங்கள்.

அதே கோணலை முன்னால் போய்ச் சரிசெய்யப் பார்த்தால் விதி கவிழ்ந்துவிடும். வால் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்றால் மூக்கு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். முன்னால் போகும்போது மூக்கை வலப்பக்கம் கொண்டுவர வேண்டும், எனவே வலப்பக்கம் திருப்ப வேண்டும். ரிவர்ஸில் இடப்பக்கம், முன்னால் வலப்பக்கம், கோணல் ஒன்றேதான். இதை மனப்பாடம் செய்யாதீர்கள், அவசரத்தில் குழம்பிவிடும். முன்னால் போனால் மூக்கை நினையுங்கள், பின்னால் போனால் வாலை நினையுங்கள். அது போக வேண்டிய பக்கம் கை தானாகப் போகும்.

இடம் தவறு என்றால், கட்டத்துக்குள்ளேயே மல்லுக்கட்டாமல் வெளியே போய்த் திரும்ப வாருங்கள். ஏன் என்றால், கடைசி ஒரு மீட்டரில் முழுக்க ஒடித்தால்கூடக் கோணம் 15 டிகிரி மாறும், ஆனால் பின் அச்சு பக்கவாட்டில் நகர்வது 12, 13 சென்டிமீட்டர்தான். ஒன்றரைச் சாண் நகர வேண்டிய கார், அந்த ஒரு மீட்டரில் நகராது, சாயத்தான் செய்யும். அதைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டுமென்றால் ஒரு பக்கம் திருப்பி, திருப்பியதை எடுத்து, அதே அளவு எதிர்ப்பக்கம் திருப்பி, அதையும் எடுக்க வேண்டும். இரண்டு வளைவு. ஒரு வளைவோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினேன், நேராக்கிவிட்டேன், ஏன் சாய்ந்து போகிறது என்பார்கள். இடப்பக்கம் திருப்பி எடுத்தது காரைச் சாய்த்துவிட்டது. அந்தச் சாய்வை எடுக்க வலப்பக்கத் திருப்பம் வந்திருக்க வேண்டும். இரண்டு வளைவுக்கும் சேர்த்து 4, 5 மீட்டராவது நீளம் வேண்டும், அது கட்டத்துக்குள் கிடைக்காது. வெளியே போய் வருவது தோல்வி இல்லை. நானும் இறுக்கமான இடத்தில் ஒரு முறை முன்னால் விட்டு வாங்கித்தான் போடுகிறேன்.

எதைப் பார்த்து நேர் என்று முடிவு செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். பக்கத்துக் காரைப் பார்த்து இணையாக்காதீர்கள், அவரும் கோணலாக விட்டிருக்கலாம். தரைக் கோட்டைப் பாருங்கள். கோடு தெரிய வேண்டுமென்றால் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்து, பின்சக்கரமும் அதன் பக்கத்துத் தரையும் தெரியும்படி வைக்க வேண்டும். முடிந்ததும் மறக்காமல் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இரண்டு கண்ணாடியிலும் இடைவெளி ஒரே அளவில் தெரிகிறதா என்று ஒப்பிடுவதை நான் பெரிதாக நம்புவதில்லை. ஓட்டுகிறவர் ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கிறார், ஒரு கண்ணாடி அருகில், மற்றது தொலைவில். குவிந்த கண்ணாடி எல்லாவற்றையும் தூரமாகக் காட்டும், சில நாட்டு வண்டிகளில் ஒரு பக்கம் குவிந்தது, ஒரு பக்கம் தட்டையானது. அகலத்தை ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். ஒவ்வொரு கண்ணாடியிலும் கோடும் காரின் உடலும் இணையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அது ஏமாற்றாது. கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்க்கும்போதும் இதே ஏமாற்று உண்டு. நடுவில் இல்லாத இடத்திலிருந்து சாய்வாகப் பார்க்கிறீர்கள், நேரான காரும் சாய்ந்ததுபோலத் தெரியும். அந்தப் பார்வை ஆள், குழந்தை, தூண் பார்க்க அவசியம், நேர் பார்க்க உதவாது.

பின்னால் பார்த்துக்கொண்டே மூக்கை மறந்துவிடுவது அடுத்த ஆபத்து. ரிவர்ஸில் வால் இடப்பக்கம் போகும்போது மூக்கு வலப்பக்கம் வீசும், அதுவும் வாலைவிட அகலமாக. கட்டத்துக்குள் பாதி போனபிறகு கோணலை எடுக்கிறேன் என்று முழுக்க ஒடித்தால், முன் பம்பரின் மூலை பக்கத்துக் காரைத் தொட்டுவிடும். எனக்கே நடந்தது. கற்றுக்கொடுக்கத் தொடங்கிய இரண்டாவது வருடம், வால் எவ்வளவு அழகாகப் போகிறது பாருங்கள் என்று மாணவருக்கு விளக்கிக்கொண்டே, பக்கத்தில் நின்ற காரின் விளக்கோரத்தில் ஒரு கோடு இழுத்தேன். மாணவர் மரியாதைக்கு ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் அதிகம் வலித்தது. அன்று முதல் பின்னால் இரண்டு பார்வை, முன் மூலைக்கு ஒரு பார்வை என்று வைத்துக்கொண்டேன்.

கேமரா இருந்தால் இந்தத் தொல்லை இல்லையா என்று அடுத்துக் கேட்பீர்கள். திரையில் தெரியும் கோடுகள் இரண்டு வகை. ஸ்டியரிங்கோடு சேர்ந்து வளைகிற கோடு, இப்போதைய ஒடிப்பில் கார் எங்கே போகும் என்று சொல்கிறது. வளையாத கோடு, கார் இப்போது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று சொல்கிறது. வளையாத கோடு தரைக் கோட்டுக்கு இணையானால் கார் நேர். வளைகிற கோடு வளைவு இல்லாமல் நின்றால் சக்கரம் நேர். நான் முதலில் சொன்ன இரண்டு நேரும் திரையில் தனித்தனியாகவே தெரிகிறது, பாருங்கள். ஆனால் கேமரா முன் மூலையைக் காட்டாது, விளிம்பில் படத்தை வளைத்தும் காட்டும். அதை மட்டும் பார்த்து ஓட்டாதீர்கள். பின்சக்கரமும் திரும்புகிற சில கார்கள் இருக்கின்றன. அவற்றில் மெதுவாகப் போகும்போது பின்சக்கரம் எதிர்த்திசையில் திரும்பி வட்டத்தைச் சுருக்கும், அங்கே என் 15 டிகிரிக் கணக்கு செல்லாது, இன்னும் வேகமாகத் திரும்பும்.

சாலையோரமாக, இரண்டு கார்களுக்கு நடுவே நீளவாக்கில் நிறுத்துவது பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். தத்துவம் அதேதான், அங்கே முன்பே சொன்ன இரண்டு வளைவும் முழு அளவில் வருகிறது. ஒரு பக்கம் ஒடித்துக் காரைச் சாய்க்கிறீர்கள், எதிர்ப்பக்கம் ஒடித்துச் சாய்வை எடுக்கிறீர்கள், இணையாகும் முன்பே ஸ்டியரிங்கை நேராக்கத் தொடங்குகிறீர்கள். முதலில் கட்டத்துக்குள் விடுவது கைவந்த பிறகு அதைத் தொடுங்கள்.

பழகுவதற்கு, ஆளில்லாத சமதரையில் சாக்பீஸால் இரண்டரை மீட்டர் இடைவெளியில் 5 மீட்டர் நீளத்துக்கு இரண்டு கோடு போடுங்கள். முதல் நாள் கட்டத்தையே தொடாமல், கண்ணாடியை மட்டும் பார்த்து 20 மீட்டர் நேராக ரிவர்ஸில் போய்ப் பழகுங்கள். கால்வாசிச் சுற்றுக்கு மேல் ஸ்டியரிங் அசையக்கூடாது. அடுத்து முழுக்க ஒடித்து, ஒரு மீட்டர் விட்டு நிறுத்தி, எவ்வளவு திரும்பியது என்று இறங்கிப் பாருங்கள். மூன்று நான்கு முறை இறங்கிப் பார்த்தால் உங்கள் காரின் அளவு கண்ணில் ஒட்டிக்கொள்ளும், என் எண் தேவைப்படாது. பிறகு கட்டத்துக்குள் வாருங்கள், இணையானதும் நின்று, எண்ணி நேராக்கி, பின்னால் விடுங்கள். கியர் வண்டி என்றால் ஹாஃப் கிளட்சில், ஆட்டோமேட்டிக் என்றால் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் பிரேக்கைத் தளர்த்தித் தளர்த்தி. பத்துப் பதினைந்து தடவை சரியாக வந்தபிறகு நிற்காமல், ஆப்பு ஒரு சாணாக ஒடுங்கும்போது ஸ்டியரிங்கை நேராக்கிப் பாருங்கள்.

நிறுத்தியபின் எஞ்சினை அணைக்கும் முன் சக்கரத்தை நேராக்கிவிட்டு இறங்குங்கள். ஒடித்தபடி விட்டுப் போனால், திரும்பி வந்து மறந்துபோய் முன்னால் எடுக்கும்போது, வால் இன்னும் கட்டத்துக்குள் இருக்கையிலேயே கார் ஒரு பக்கமாகத் திரும்பும். அந்தப் பக்கத்துப் பின்கதவு பக்கத்துக் காரின் மூலையை உரசும்.